சாம்பல்ல தெரிஞ்ச திருச்சி

1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்ல ஒரு கொலை. தரையில கிடந்த சாம்பலைப் பார்த்தே ஹோம்ஸ் கண்டுபிடிச்சிடுவார்: கொலைகாரன் பிடிச்சது திருச்சி சுருட்டு. அந்த ஊர் எங்க இருக்குன்னு கானன் டாயில் விளக்கவே இல்ல. அவ்ளோ பிரபலம். 'செரூட்'ங்கிற ஆங்கில வார்த்தையே நம்ம 'சுருட்டு'ல இருந்து போனதுதான்.

சரி, இன்னைக்கு சுருட்டு வாங்குறவங்க ஏன் தனியா ஒரு பெட்டியும் வாங்குறாங்க? புகையிலை காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், திரும்ப விடும். காஞ்சா மேல் இலை வெடிக்கும், புகை காரமாகும். ஈரம் கூடினா பூஞ்சை. அதான் ஹியூமிடார்: சிடார் மரப் பெட்டி, உள்ளே ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். சென்னையில பிரச்சினை தலைகீழ். வெளியவே ஈரம் அதிகம். கூடவே வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினா, இலையில ஏற்கெனவே இருக்கிற வண்டு முட்டை பொரிஞ்சு சுருட்டைத் துளைச்சிடும்.

மீட்டரை நம்பலாமா? மூடின டப்பாவுல ஈர உப்போட ஒரு நாள் வைங்க. 75 காட்டணும்.

புதுசா ஆரம்பிக்க நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 'புகையை உள்ள இழுக்கலைன்னா ஆபத்தில்ல'ன்னு சொல்றது பொய். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வாய்க்குள்ள நிக்கிற புகையே போதும். பெட்டி காப்பாத்துறது சுருட்டை மட்டும்தான்.