டேப்பட் சத்தமும் ஒன்பது கணக்கும்

காரைக்காலில் இருந்து நாகூர் போகும் வழியில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டி இருக்கும் சிற்றூர் போலகம். ஒரு பக்கம் திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில், மறுபக்கம் நாகூர் தர்கா. இரண்டுக்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற வாடகை அம்பாசடர்களை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கார்களோடு சேர்ந்து மறைந்துபோன ஒரு வேலை உண்டு. வீட்டு வாசலிலேயே பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "டேப்பட் செட் பண்ணுவது". அதாவது, எஞ்சினின் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது.

இதை ஏன் வீட்டில் செய்தார்கள்? அதற்கு அந்தக் காலத்து வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

1950களின் நடுவில், பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இந்தியாவை விட்டு வெளியேறின. இங்கேயே தயாரிப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்பது அரசின் கொள்கை. பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை விட்டுப் போனதும் ஏறக்குறைய அதே சமயம்தான் (1954 நவம்பர் 1). அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு இந்தியர்களுக்குக் கிடைத்த முக்கியமான கார்கள் மூன்றே மூன்று: மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாயில் தயாரான ஃபியட் (பின்னாளில் பிரீமியர் பத்மினி), சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தால்தான் கார் வரும். அப்படி வந்த காரை இருபது, முப்பது வருடம் ஓட்டியாக வேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்புக்குத் தஞ்சாவூரோ திருச்சியோ போக வேண்டும் என்றால், சின்ன வேலைகளை ஓட்டுபவரே கற்றுக்கொள்வதுதானே வழி!

அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இந்தியப் பிறவி. 1959-ல் அதற்கு 1489 சிசி எஞ்சின் வந்தது. அதில் வால்வுகள் மேலே, சிலிண்டர் ஹெட்டில் இருக்கும். கேம் ஷாஃப்ட் கீழே இருக்கும். கேம் ஒரு கம்பியை (புஷ் ராடு) மேலே தள்ளும். கம்பி ராக்கரை அசைக்கும். ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். கிட்டத்தட்ட ஏற்றம் இறைப்பது மாதிரிதான்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ராக்கருக்கும் வால்வுத் தண்டின் நுனிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேண்டும். அந்த எஞ்சின் குடும்பத்தில் சாதாரணமாக 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். நான்கைந்து தலைமுடியைச் சேர்த்து வைத்த கனம்! சூட்டில் இரும்பு நீளும் என்பதால் இந்த இடம் தேவை. இடைவெளி அதிகமானால் "டக் டக்" என்று சத்தம் வரும், இழுவை கொஞ்சம் குறையும். குறைந்துபோனால் ஆபத்து. வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பதே மூடியிருக்கும் நேரத்தில், தன் சீட்டில் உட்கார்ந்துதான். உட்கார முடியாத வால்வின் ஓரம் கருகிவிடும். அப்புறம் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். அதனால்தான் சத்தம் போடும் டேப்பட்டைவிட, சத்தமே போடாத டேப்பட்டைப் பார்த்துப் பழைய ஆட்கள் அதிகம் பயப்பட்டார்கள்.

வேலைக்குத் தேவை ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஃபீலர் கேஜ். டேப்பட் கவரைக் கழற்றினால் எட்டு வால்வுகள் வரிசையாகத் தெரியும். ஒரு வால்வைச் சரிசெய்ய வேண்டும் என்றால் அதன் கேம் முழுவதும் கீழே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கேம் கண்ணுக்குத் தெரியாதே? அதற்குத்தான் ஒன்பது கணக்கு. முன்னால் ஹேண்டில் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். எந்த வால்வு முழுசாகத் திறந்து நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதில் இருந்து கழிக்க வேண்டும். 1 திறந்திருந்தால் 8-ஐச் சரிசெய்யலாம். 2 என்றால் 7. 3 என்றால் 6. 4 என்றால் 5. இது மந்திரம் இல்லை. 1, 4 ஆகிய சிலிண்டர்கள் ஒரு ஜோடி. 2, 3 இன்னொரு ஜோடி. ஜோடியில் ஒன்றின் வால்வு திறந்திருக்கும்போது மற்றதன் அதே வகை வால்வுக்குரிய கேம் நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். பள்ளிக்கூடம் அதிகம் போகாத டிரைவர்களும் இந்தக் கழித்தலைத் தப்பில்லாமல் போட்டார்கள்.

2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதும் ஈயம் கலக்காத பெட்ரோல் மட்டுமே என்று ஆனது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு காற்றில் இருந்து போனது மிகப்பெரிய நன்மை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட் எஞ்சின்களில் அந்த ஈயம்தான் வால்வு சீட்டுக்கு மெல்லிய பூச்சாக இருந்து தேய்மானத்தைத் தடுத்தது. அது போனபின் சீட் தேய, வால்வு உள்வாங்க, இடைவெளி சத்தமில்லாமல் சுருங்கியது. ஒரே காரை நம்பிப் பிழைத்தவருக்கு, ஃபீலர் கேஜைக் கையில் எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அன்றைய சோற்றுப் பிரச்சினை.

1983-ல் வந்த மாருதி 800-க்கு மூன்று சிலிண்டர், ஆறு வால்வு. அங்கே ஒன்பது கணக்கு செல்லாது. பின்னர் வந்த பல கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் வந்தது. காடிலாக் நிறுவனம் 1930-லேயே தன் பதினாறு சிலிண்டர் காரில் இதை வைத்துவிட்டது!

2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பெஜோ குழுமம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன காரைக்கால் தெருக்களில் ஓடிய காரின் பெயர், கடைசியில் பிரெஞ்சுக்காரர்களிடமே போய்ச் சேர்ந்தது!

இன்றைய கார்கள் நல்லவைதான், அடிக்கடி பானட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் ஓடும் எஞ்சினைக் காதால் கேட்டே "எட்டாவது வால்வு லூசா இருக்கு" என்று சொன்ன ஒரு தலைமுறை இருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத அந்த அறிவும் நம் ஊர் வரலாறுதான். உங்கள் தெருவில் பழைய அம்பாசடர் டிரைவர் யாராவது இருந்தால், ஒன்பது கணக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதை கட்டாயம் நீளும்!