சீட்டனின் உளிப்பெட்டி

1796 டிசம்பர் 15 அன்று ஜோசப் சீட்டன் என்பவர் லண்டன் பேனர் தெருவிலிருந்த கேப்ரியல் நிறுவனத்தில் தம் மகன் பெஞ்சமினுக்காகத் தச்சுக் கருவிகள் முழுவதையும் ஒரே தவணையில் வாங்கினார். விலையோடு கூடிய அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. நம் கண்ணை நிறுத்துவது அதிலுள்ள விலைகளல்ல, ஒரு சிறு குறிப்பு. 1797 ஜனவரி 1 முதல் ஏப்ரல் 15 வரை பெஞ்சமின் பெட்டியைச் செய்து, கருவிகளையெல்லாம் செவ்வைப்படுத்தினார் என்கிறது அது. மூன்றரை மாதங்கள்!

கடையிலிருந்து வந்த கருவியைச் செவ்வைப்படுத்துவானேன் என்று இன்றைய வாசகர் கேட்கலாம். அக்காலத்து உளி பெரும்பாலும் தேனிரும்பால் ஆனது. வெட்டும் முகத்தில் மட்டும் மெல்லிய எஃகுத் தகடு உலையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். எஃகு விலை மிகுந்தது என்பது ஒரு காரணம். தேனிரும்பு சாணையில் எளிதில் தேயும் என்பது மற்றொன்று. கொல்லன் சாணைக்கல்லில் உரசிய கோடுகளோடுதான் உளி கைக்கு வரும். சரிவான முகமும் தட்டையான பின்முகமும் சந்திக்கும் கோடே கூர். பின்முகத்துக் கோடுகள் அந்த விளிம்பில் வந்து முடியுமிடமெல்லாம் நுண்ணிய பற்களாகும். அத்தகைய உளி மரத்தைச் சீவாது, பிறாண்டும். ஆகவே முதல் வேலை பின்முகத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்துச் சமமாக்குவது. முழு நீளமும் வேண்டியதில்லை. விளிம்பை ஒட்டிய சில விரற்கடை போதும். பிறகே சரிவைத் தீட்ட வேண்டும்.

பிடி வேறு கதை. உளி அலகுகள் பிடியின்றியே விற்கப்படுவது அன்று வழக்கம். கூம்பிய வாலுக்குப் பொருந்தும்படி மரத்தில் துளையிட்டு அடித்து இறக்கவேண்டும். துளை சற்றே கோணினால் கொட்டாப்புளியின் அடி அலகின் நேர்கோட்டில் இறங்காது, பிடியும் பிளக்கும். (தமிழில் இந்தக் கொட்டாப்புளி, இழைப்புளி இரண்டினுள்ளும் 'உளி' ஒலிக்கிறது. இழைப்புளி மரக்கூட்டில் அமர்த்திய உளியே என்பதைத் தச்சரிடம் நாம் விளக்க வேண்டியதில்லை.)

பெட்டியோ வெளியே எளிய மரமும் வண்ணப்பூச்சும். உள்ளே மகோகனித் தகடு ஒட்டிய இழைப்பு. நகரும் தட்டுகளில் கருவிகள் ஒன்றோடொன்று மோதாமல் அமர்கின்றன. அழகுக்காக மட்டுமன்று: தீட்டிய கூர் மற்றோர் இரும்பில் ஒருமுறை பட்டாலே பல நாழிகை உழைப்பு வீண். சீட்டன் குடும்பம் வாழ்ந்த சாத்தம், மெட்வே ஆற்றங்கரைக் கப்பல்தள ஊர்; ஈரக்காற்றுக்குக் குறைவில்லை. தூசி ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவை வளர்க்கும். இறுக மூடும் மூடியே முதற்காவல்.

அப்பெட்டி இப்போது ராச்செஸ்டர் கில்டுஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருவிகள் அதிகம் பயன்படவில்லை என்பதே அதன் பெருமை. நாள்தோறும் உழைத்த உளி ஒவ்வொரு தீட்டலிலும் குறுகிக் கடைசியில் கட்டையாகிக் குப்பைக்குப் போனது. ஆகவே 18ஆம் நூற்றாண்டு உளியின் உண்மையான நீளத்தையும் தடிப்பையும் அறிய விரும்புவோர், அதிகம் உழைக்காத இந்த உளிகளிடமே வரவேண்டியிருக்கிறது. இங்குள்ள ரம்பங்களை அளந்து இக்காலக் கைவினைஞர் படியெடுத்தும் இருக்கின்றனர். வரலாறு இப்படிச் சோம்பிய கருவிகளுக்குக் கடன்பட்டிருப்பது நமக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

ஆனால் வேலைநாளில் எத்தனை முறை தீட்டினார்கள், உள்ளங்கை பிடியின் எப்பக்கத்தைத் தேய்த்தது என்றெல்லாம் இவற்றிடம் கேட்க முடியாது. சாணையில் தேய்த்துப் பின் நுண்கல்லில் தீட்டும் முறையை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்தவர் ஜோசப் மாக்ஸன். அவரோ ராயல் சொசைட்டி உறுப்பினரான அச்சுக்காரர், தச்சரல்லர்.