கருக்காலக் குருதிப் பரிசோதனையில் கணவனின் இடம்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து

தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019 டிசெம்பரில் சான்றளித்தது. போரும் இடப்பெயர்வும் பல்லாண்டு அலைக்கழித்த யாழ்ப்பாணக் குடாநாடும் அச்சான்றில் அடங்கும். ஆனால் நாட்டில் இந்நோய்கள் இல்லையென்று அது கூறவில்லை. குழந்தைகளிடம் புதிய தொற்று, நோய் ஒவ்வொன்றுக்கும், ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 50ஐத் தாண்டக்கூடாது என்பதே அதன் முதன்மை அளவுகோல். கருவுறும் ஒவ்வொரு பெண்ணையும் ஆண்டுதோறும் விடாது பரிசோதித்தால்தான் இந்நிலை நீடிக்கும்.

குடாநாட்டில் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதியைச் சுமப்பவர் குடும்பநல உத்தியோகத்தர். எட்டு வாரத்துக்குள் கர்ப்பிணியைப் பதிந்து, கிளினிக்குக்கு வரச்செய்து, இரத்தம் கொடுக்க வைப்பவர் அவரே. சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல். சோதனை தொற்றைக் காட்டினால் உறுதிப்படுத்தும் சோதனையும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையமும் தொடரும். சிபிலிசுக்கு மருந்து பென்சத்தீன் பெனிசிலின் ஊசி; பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் போடப்பட்டால்தான் குழந்தைக்கு அது போதிய காப்பாகும். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஒரே சோதனை என்பதால் எவர்மீதும் தனியே சந்தேகம் விழுவதில்லை. யார் எந்த அறைக்குப் போனார் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் கிராமங்களில் இது பெரும் பாதுகாப்பு.

ஆனால் இந்த ஒழுங்கின் மையத்தில் பெண் மட்டுமே நிற்கிறாள். பெனிசிலின் இருக்கும் நோயைக் குணமாக்கும். மீண்டும் தொற்றாமல் தடுக்காது. கணவன் சிகிச்சை பெறாவிட்டால் மனைவிக்குத் திரும்பவும் தொற்றலாம். பதிவின்போது எடுத்த இரத்தம் அதன் பிறகு வரும் தொற்றைக் காட்டவும் முடியாது. கர்ப்பத்திலோ பாலூட்டும் காலத்திலோ புதிதாக எச்.ஐ.வி. தொற்றினால் தாயின் உடலில் வைரசின் அளவு மிக உயர்ந்து நிற்கும். குழந்தைக்கு ஆபத்து அப்போதுதான் கூடுதல்.

கணவனையும் சோதனைக்கு அழைத்தால் வீட்டில் சண்டை வரும், பெண் கைவிடப்படுவாள் என்ற மறுப்பு உண்டு. அந்த அச்சம் நியாயமானது. எனினும் இன்றைய முறையே அவளை அதற்குள் தள்ளுகிறது என்பேன். முதலில் சோதிக்கப்படுபவள் அவளாதலால், நோய் யாரிடமிருந்து வந்திருந்தாலும் பழி அவளிடமே முதலில் வந்து சேர்கிறது. பதிவு நாளிலேயே இருவருக்கும் வழமையான சோதனையாக இரத்தம் எடுத்தால் 'யார் கொண்டு வந்தது' என்ற கேள்வியின் கூர் மழுங்கும். அப்போதும் அவளுடைய முடிவை அவளிடம் தனியாகவே சொல்ல வேண்டும். அவள் சம்மதமின்றி எவருக்கும், கணவனுக்குங்கூட, தெரிவிக்கக் கூடாது.

வெளிநாட்டில் உழைக்கும் கணவர்கள் பலருள்ள இம்மண்ணில் எல்லோரும் கிளினிக்குக்கு வர இயலாது. அதற்காக அவர்களைச் சந்தேகத்துக்குரிய கூட்டமாக்குவது அநீதி. விடுமுறையில் வந்தவர் சோதனைக்கு முன்வரலாம். சோதிக்கப்படாத கணவர்களின் மனைவியருக்கு இரண்டாவது சோதனை செய்யலாம். 24 முதல் 28 வாரங்களுக்குள் சீனி பார்க்க எப்படியும் மறுபடி இரத்தம் எடுக்கிறார்கள். அதே குத்தில் இதற்கும் ஒரு குழாய் நிரப்பினால், முடிவு வந்த பிறகும் பெனிசிலினுக்கு வேண்டிய அந்த 30 நாட்கள் பெரும்பாலான தாய்மாருக்குக் கையில் இருக்கும்.