கண்ணாடி நூலும் கடல் வள்ளமும்

எங்கட மலர்களிலே சரித்திரக் கட்டுரை என்றால் சங்கிலியன், பண்டாரவன்னியன், சோழர் கப்பற்படை என்றுதான் வரும். நான் எழுத எடுத்தது ஒரு சாமானின் சரித்திரம். நோர்வேயின் தென்கரையிலே பழைய பைபர்கிளாஸ் படகுகளின் மேல்தளத்தைத் திருத்துகிற ஒரு வேலைத்தலத்தில் எட்டு வருஷமாக நிற்கிறேன். உயர்தரத்தோடு என்ரை படிப்பு நின்றுவிட்டது. ஆகவே இதை ஒரு தொழிலாளி எழுதிய சரித்திரமாகவே வாசியுங்கோ.

கண்ணாடியை நூலாக்குகிற வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. 1932இல் அமெரிக்காவில் ஓவன்ஸ்-இலினோய் என்ற கண்ணாடிக் கம்பனியில் டேல் கிளைஸ்ற் என்ற இளம் ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தக் காற்று உருகிய கண்ணாடியில் பட்டதும் அது மெல்லிய இழைகளாகப் பறந்தது. அவருக்கு மேலே இருந்த கேம்ஸ் சிலேற்றர் அதைப் பெரிய அளவில் செய்யும் முறையாக்கினார். 1938இல் ஓவன்ஸ்-கோர்னிங் என்ற தனிக் கம்பனியே உருவானது. அதே 1938இல்தான் எங்கட வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. மரக்கப்பல் கட்டத் தெரிந்தவர்களின் கப்பல் அங்கே கரை தட்டிய வருஷமே, மரத்தை ஓரங்கட்டப் போகிற சாமானுக்கும் அங்கே கம்பனி தொடங்கியிருக்கிறது.

நூல் மட்டும் இருந்து படகு வராது. அதைப் பிடித்து வைக்கப் பிசின் வேண்டும். பொலியெஸ்ரர் ரெசின் வந்தபிறகு, 1942இல் ஒஹாயோவில் றே கிறீன் என்பவர் கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்து ஒரு சிறிய பாய்ப்படகு செய்தார். போர் முடிந்ததும் இந்தத் தொழில் மளமளவென்று பரவியது. 1959இல் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் கம்பனி 28 அடி நீளமான ட்றைற்றன் என்ற படகைக் கொண்டுவந்து வைத்தது. அதை வரைந்தவர் சுவீடனில் பிறந்த கார்ல் அல்பேர்க். பணக்காரர் அல்லாத குடும்பங்களும் பாய்ப்படகு வாங்கலாம் என்ற நிலை அதோடுதான் வந்தது.

அந்தக் காலத்தில் இந்தப் புதுச்சாமானை முழுதாக நம்ப முடியாமல் அடிப்பகுதியைத் தேவைக்கு மேலே தடிப்பாகப் போட்டார்கள். அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் அவை மிதக்கின்றன. பழுதாகிறது மேல்தளம்தான். ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேணும்.

தளத்தைத் தனிப் பைபரில் செய்தால் கால் வைக்கிற இடத்தில் வளையும். வளையாமல் இருக்கத் தடிப்பாகப் போட்டால் படகின் தலைப்பாரம் கூடும். ஆகவே இரண்டு மெல்லிய பைபர்த் தோலுக்கு நடுவே பல்சா மரத்தையோ ஒட்டுப்பலகையையோ வைத்தார்கள். எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சான்ட்விச் மாதிரி. பாரம் குறைவு, உறுதி கூட. நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தளத்தின் மேலே கைபிடி, கயிறு கட்டுகிற கட்டை, யன்னல் என்று நூறு ஆணி துளைத்துப் பூட்டுவார்கள். துளையைச் சுற்றிப் பூசிய பசை பத்து, பதினைந்து வருஷத்தில் காய்ந்து விலகும். மழைத்தண்ணி அதாலே உள்ளே இறங்கும். மேலே தோல் பளபளவென்று இருக்க, உள்ளே மரம் ஊறி உக்கிப் புட்டுமாப் போலாகிவிடும்.

எங்கட வேலை சுத்தியலோடு தொடங்கும். தளம் முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டு போவோம். நல்ல இடம் 'டக்' என்று கூராகக் கேட்கும். ஊறின இடம் 'தொம்' என்று மந்தமாகக் கேட்கும். அந்த எல்லையைப் பென்சிலால் கீறி, மேல்தோலை மட்டும் வெட்டிக் கழற்றி, உக்கின மரத்தைச் சுரண்டி எடுத்து, கீழ்த்தோலை நன்றாகக் காயவிடவேணும். அவசரக்காரர் பிழைவிடுகிற இடம் இதுதான். ஈரத்தின் மேலே ஒட்டினது நிற்காது. பிறகு புது மரத்தை எப்பொக்சிப் பசையில் இருத்தி, மேலே தோல் போடுவோம். பழைய தோலின் விளிம்பைத் தடிப்பைப்போல பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரித்து அரைக்கவேணும். 5 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 60 மில்லிமீற்றர் சரிவு. அப்போதுதான் புதுப்பைபர் பழையதோடு சேரும். அதன்பிறகு நிரவல், அரைத்தல், திரும்ப நிரவல். வேலையின் பெரும்பங்கு இந்த அரைத்தல்தான். கடைசியில் பெயின்ற், நடக்கிற இடத்தில் வழுக்காதபடி மணல் போன்ற தூள். ஆணித்துளைகளை முதலில் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் அடைத்து, காய்ந்தபிறகு நடுவே சிறிதாகத் துளைக்கவேணும். அப்போது தண்ணி திரும்ப மரத்தைத் தொட வழியில்லை.

பொலியெஸ்ரரை இறுகவைக்க 1 முதல் 2 வீதம் வரை ஒரு திரவம் கலப்போம். வேலைத்தலத்தில் அதைக் கற்றலிஸ்ற், அதாவது ஊக்கி என்பார்கள். உயர்தர இரசாயனவியலின்படி அது சரியில்லை. ஊக்கி தாக்கத்தின் முடிவில் மிஞ்சவேணும். இது தானே செலவாகிப் போகிறது. இதை யாருக்குச் சொல்ல! ஆனால் பல்பகுதியம் என்ற பாடத்தைப் பாடமாக்கின எனக்கு, வாளிக்குள்ளே அது சூடேறி இறுகுவதைப் பார்க்கிறபோது ஒரு சந்தோஷம்.

ஸ்ரைரீன் பற்றியும் சொல்லவேணும். ரெசின் மணம் என்று நாங்கள் சொல்வது அதுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2018இல் அதை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. இப்படியான வேலைக்கு வருகிற எங்கட ஆட்கள் பலர் "மணம் பழகிவிட்டது" என்று சொல்லுவினம். மூக்குப் பழகும், நுரையீரல் பழகாது. தூசி முகமூடி இந்த மணத்தை மறிக்காது. ஆவிக்கென்று இருக்கிற வடிகட்டி பூட்டின முகமூடியைக் கேட்டு வாங்குங்கோ. தராவிட்டால் தொழிற்சங்கத்திடம் போங்கோ. விசாவுக்குப் பயந்து பேசாமல் இருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இனி ஊர்ப்பக்கம். எங்கட ஓடாவிமார் பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிக் கலப்பத்து அடித்தார்கள். குங்கிலியமும் பிசின்தான், ரெசின் என்றாலும் பிசின்தான். 1960களில் இலங்கைக் கரைகளுக்குப் பைபர் வள்ளங்கள் வரத் தொடங்கின. வடக்கில் இதற்கும் நோர்வேக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1956இல் நோர்வே வந்த குருநகர் அந்தோனி இராஜேந்திரம், நோர்வே நண்பர்களோடு சேர்ந்து 1967இல் தொடங்கிய முயற்சிதான் சீநோர். குருநகரில் வலைத் தொழிற்சாலை, காரைநகரில் படகுத்துறை. காரைநகரிலே பைபர் வள்ளம் கட்டினார்கள். நாங்கள் அகதியாக இங்கே வர முதலே, இங்கத்தைய காசும் தொழிலறிவும் எங்கட கரைக்குப் போயிருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியவேணும். போர் அந்தத் தொழிலைத் தழைக்க விடவில்லை. மீன்பிடித் தடைகளால் வள்ளங்கள் கரையிலேயே கிடந்து வெயிலில் வெடித்தன.

ஓடாவிமாருக்கு என்ன நடந்தது? பைபர் அச்சில் வார்க்க ஒரு கிழமைப் பயிற்சி போதும். மரத்தில் ஏரா வைத்துக் கட்ட ஒரு ஆயுள் வேணும். மலிவு வென்றது. அதை நான் குறை சொல்லமாட்டேன், கடலுக்குப் போகிறவனுக்குப் பாரம் குறைந்த வள்ளம்தான் வேணும். ஆனால் ஒரு கிழமைப் பயிற்சி போதும் என்ற நினைப்பு ஆபத்தானது. 2004 சுனாமிக்குப் பிறகு உதவிக் காசில் அவசரமாக வார்த்த வள்ளங்களில் பல தரக்குறைவு என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனமே சொன்னது.

ஊரிலே வள்ளம் வைத்திருக்கிற சொந்தக்காரர் உங்களுக்கு இருந்தால், தொலைபேசியில் கதைக்கிறபோது இதைச் சொல்லிவிடுங்கோ. மோட்டர் பூட்டுகிற பின்பலகைக்குள்ளேயும் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் இருக்கும், மேல்தளம் உக்குகிற அதே மாதிரி அதுவும் உக்கும். ஆணிகளைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். 'தொம்' என்று கேட்டால், மேலே பைபர் ஒட்டி மறைக்காமல், வெட்டித் திறந்து ஈரத்தைக் காயவிடட்டும். அங்கத்தைய வெயிலில் அது இங்கே மாதிரி மாதக்கணக்காக எடுக்காது.