ஆட்சி அகன்ற நாள்களில் பினாங்கு

பேரிடர் வருமுன் மக்களைக் காக்கும் வழிகளை வகுத்து வைத்தல் ஊராட்சியின் கடமை. அத்திட்டம் ஒரு சாராரை மட்டும் எண்ணுமாயின் நேர்வது யாது? பினாங்கு வரலாறு விடை கூறுகிறது.

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு பொழிந்தன. வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டோர் பலர் மாண்டனர். 16ஆம் நாள் இரவு ஐரோப்பியர் மறைவாகக் கப்பலேறினர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர்.

அந்நிலையில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழாசிரியரும் இலங்கைத் தமிழருமாகிய மாணிக்கசோதி சரவணமுத்துவின் தலைமையில் பல இனத்தாரும் கூடிப் பினாங்குச் சேவைக் குழுவை அமைத்தனர். நகரின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு அவர்கள்மேல் விழுந்தது. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியைச் சரவணமுத்துவே இறக்கினார். ஆங்கிலேயர் அகன்றமையை வானொலியில் அறிவித்துக் குண்டுவீச்சை நிறுத்த முயன்றார். 19ஆம் நாள் ஜப்பானியர் புகுந்தனர். பின்னர் அவரையே சிறையிலிட்டனர்.

1997இல் மலேசியத் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் ஆணை, மாவட்ட அளவிலும் பேரிடர்க் குழு இயங்க வகைசெய்தது. அத்தகைய திட்டம் எதுவாயினும், நகரத்து மாளிகையோடு பைராம் தோட்டத்துக் குடியிருப்பையும் ஒப்பக் கணக்கிடல் வேண்டும். 1941 நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.