டாக்சி ஓட்டுநர் உரிமத் தகுதி மறுஆய்வு (இங்கிலாந்து, வேல்ஸ்)

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டாக்சி அல்லது மினிகேப் ஓட்டும் ஒருவர் அந்த உரிமத்தைத் தொடர்ந்து வைத்திருக்கத் தகுந்தவர்தானா என்று உள்ளாட்சி மன்றம் மீண்டும் பரிசீலிக்கும் நடைமுறை இது. லண்டனுக்கு வெளியே 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சி (பல்வகை ஏற்பாடுகள்) சட்டமே இதற்கு அடிப்படை. தெருவில் கைகாட்டி நிறுத்தி ஏறக்கூடிய ஹாக்னி கேரேஜ் வண்டி, முன்பதிவு செய்தால் மட்டுமே வரும் பிரைவேட் ஹயர் வண்டி ஆகிய இரண்டின் ஓட்டுநர்களுக்கும் இது பொருந்தும். லண்டனில் தனிச் சட்டங்களின்கீழ் ‘டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்’ இப்பணியைச் செய்கிறது.

உரிமம் பெறுபவர் ‘தகுதியும் நேர்மையும் உள்ளவர்’ என்று மன்றம் மனநிறைவு கொண்டாக வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அத்தகுதி எது என்று அது வரையறுக்கவில்லை. மத்திய அரசின் போக்குவரத்துத் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட சட்டபூர்வ நெறிமுறைகள் இந்த இடைவெளியை ஒரு கேள்வியால் நிரப்பின: நமக்கு வேண்டியவர் ஒருவரை, அவர் எந்த நிலையில் இருந்தாலும், இரவோ பகலோ, இந்த ஓட்டுநரின் வண்டியில் தனியாக அனுப்பி வைப்போமா? மாட்டோம் என்பதற்கே கூடுதல் வாய்ப்பு என்று தோன்றினால், உரிமம் தரவும் கூடாது, தொடரவும் விடக்கூடாது. ஐயத்தின் பலன் ஓட்டுநருக்குப் போகக்கூடாது என்றும் நெறிமுறைகள் தெளிவாகக் கூறுகின்றன. குற்றவியல் நீதிமன்றத்துக்குப் பழகியவர்களுக்கு இது கடுமையாகத் தெரியலாம். ஆனால் இங்கே நடப்பது தண்டனை வழங்கும் வேலையே அல்ல. குடித்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் பெண்ணும், பள்ளிக்குப் போகும் மாற்றுத்திறனாளிக் குழந்தையும் முன்பின் தெரியாத ஒருவரின் வண்டியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார்கள். அவர்களைக் காப்பதே இந்த ஏற்பாட்டின் ஒரே நோக்கம்.

உரிமம் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. அதற்குள் மறுஆய்வைத் தூண்டும் வழிகள் பல. குற்றப் பின்னணிப் பதிவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும்படி நெறிமுறைகள் மன்றங்களைக் கேட்டுக்கொள்கின்றன. பாலியல், வன்முறை, நேர்மையின்மை, வாகனக் குற்றங்களில் கைதாகி வெளிவந்தாலோ, குற்றம் சாட்டப்பட்டாலோ, தண்டிக்கப்பட்டாலோ ஓட்டுநரே 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அந்த மறைப்பே அவருடைய நேர்மையைப் பற்றிய சாட்சியாகிவிடும். காவல்துறையின் தகவல், பயணியின் புகார், மருத்துவச் சான்று ஆகியவையும் கோப்பைத் திறக்கவைக்கும். உடல் தகுதியில் பெரும்பாலான மன்றங்கள் லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்குரிய உயர்ந்த அளவுகோலையே கேட்கின்றன.

பழைய குற்றங்களுக்கு நெறிமுறைகள் கால அளவு வகுத்துள்ளன. உயிரிழப்பை விளைவித்த குற்றம், பாலியல் குற்றம், பிறரைச் சுரண்டிய குற்றம் ஆகியவற்றில் தண்டிக்கப்பட்டவருக்கு உரிமம் இல்லை. வன்முறைக்கும் போதைப்பொருள் விற்பனைக்கும் தண்டனை முடிந்து 10 ஆண்டுகள் கழிய வேண்டும். மோசடி போன்றவற்றுக்கும், குடித்துவிட்டு ஓட்டியதற்கும் 7 ஆண்டுகள். கையில் அலைபேசியைப் பிடித்தபடி ஓட்டியதற்கு 5. இவை தொடக்கப் புள்ளிகளே. ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தன்மையில் பார்க்காமல் அட்டவணையை மட்டும் நீட்டும் மன்றம் தன் கடமையைச் செய்ததாகாது.

தண்டனையே இல்லாதபோதும் உரிமம் போகலாம். 1998இல் ரஷ்கிளிஃப் மன்றம் தொடர்பான வழக்கில், பயணியைத் தவறாகத் தொட்டதாகச் சாட்டப்பட்டு விடுதலையான ஒருவரின் உரிமப் பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை சென்றது. உரிம விசாரணைக்குக் குற்றவியல் அளவுகோல் தேவையில்லை, செவிவழிச் சாட்சியத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று அங்கே முடிவானது. குடும்ப நிலை, கடன், வருமான இழப்பு ஆகியவை மிக அரிதான சூழலில் தவிரப் பொருட்டாகாது என்பதை 2002இல் லீட்ஸ் மன்ற வழக்கு நிலைநாட்டியது.

இந்த இடத்தில்தான் மறுஆய்வின் வலி தெரிகிறது. விசாரணை அறையில் மூன்று நான்கு கவுன்சிலர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் சட்ட ஆலோசகர். உரிம அதிகாரி அறிக்கையை வாசிப்பார். எதிரே ஓட்டுநர், கூட வழக்கறிஞரோ தொழிற்சங்கத்தவரோ. கடன் வாங்கி வண்டி எடுத்ததையும் பிள்ளைகளின் படிப்பையும் பற்றித்தான் பலரும் முதலில் பேசத் தொடங்குவார்கள். சட்டப்படி அவற்றுக்கு அங்கே எடை இல்லை. நடந்ததை அவர் எப்படி விளக்குகிறார், பொறுப்பேற்கிறாரா, அதன்பின் நடத்தை எப்படி என்பவையே எடுபடும். இதை விசாரணைக்கு முன்பே ஓட்டுநருக்கு எளிய மொழியில் சொல்லிவைப்பது மன்றங்களின் பொறுப்பு என்றே கருத வேண்டும். இல்லாவிட்டால் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லக் கிடைத்த ஒரே வாய்ப்பை அவர் வீணாக்கிவிடுவார்.

1976 சட்டத்தின் 61ஆம் பிரிவு மன்றத்துக்கு இடைநிறுத்தம், ரத்து, புதுப்பிக்க மறுத்தல் என்ற அதிகாரங்களைத் தருகிறது. அதில் ‘வேறு நியாயமான காரணம்’ என்ற வாசகம் மிகப் பரந்தது. காரணங்களுடன் அறிவிப்பு 14 நாட்களுக்குள் ஓட்டுநரைச் சேர வேண்டும். சாதாரணமாக முடிவு 21 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தால், தீர்ப்பு வரும்வரை வண்டி ஓட்டலாம். ஆனால் 2006ஆம் ஆண்டின் சாலைப் பாதுகாப்புச் சட்டம் சேர்த்த விதிப்படி, மக்கள் பாதுகாப்புக்கு அவசியமானால் முடிவு அறிவிப்பைக் கொடுத்த கணமே அமலாகும். அவ்வாறு கருதுவதற்கான விளக்கமும் அந்த அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். இத்தகைய அவசர முடிவுக்குக் குழு கூடும்வரை காத்திராமல், மூத்த அதிகாரி ஒருவரிடம் அதிகாரத்தை ஒப்படைக்கும்படி நெறிமுறைகள் பரிந்துரைக்கின்றன.

விசாரணை முடியும்வரை தற்காலிகமாக நிறுத்திவைக்கலாமே என்று தோன்றும். 2012இல் கார்டிஃப் மன்றத்துக்கு எதிரான வழக்கில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடைநிறுத்தமும் தகுதி பற்றிய ஒரு முடிவே, அதே காரணத்துக்காக இடைநிறுத்திவிட்டுப் பிறகு ரத்தும் செய்ய முடியாது என்றது. விளைவாக, கடுமையான குற்றச்சாட்டு எழுந்தால் பல மன்றங்கள் நேரே ரத்துக்குப் போகின்றன. பின்னர் குற்றமற்றவர் என்று தெரிந்தால் ஓட்டுநர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. பொய்ப் புகாருக்கு ஆளானவருக்கு இது பெரிய அநீதி. அவரது விண்ணப்பத்தை விரைவாகப் பரிசீலிப்பதே மன்றத்தால் செய்யக்கூடிய குறைந்தபட்ச ஈடு.

இவ்வளவு இறுக்கம் வந்ததற்கு ராதர்ஹாம் நகரில் நடந்தவை முக்கியக் காரணம். 1997க்கும் 2013க்கும் இடையே அந்நகரில் சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாகியிருக்கலாம் என்று 2014 ஆகஸ்டில் வெளியான அலெக்சிஸ் ஜே அறிக்கை மதிப்பிட்டது. அதில் டாக்சி ஓட்டுநர்கள் சிலரின் பங்கும் சுட்டப்பட்டது. அடுத்த ஆண்டு லூயிஸ் கேசியின் ஆய்வு அம்மன்றத்தின் உரிமப் பிரிவின் தளர்ச்சியை விரிவாகக் காட்டியது. அதன்பின் அங்கு புதிய விதிகள் வந்தன, வண்டிகளில் கேமரா கட்டாயமாயிற்று.

ஓரிடத்தில் உரிமம் இழந்தவர் அதைச் சொல்லாமல் பக்கத்து ஊரில் விண்ணப்பிப்பது நெடுங்காலம் நடந்துவந்தது. டாக்சிப் பயணிகளின் பாதுகாப்புக்கான 2022ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்தில் அந்த ஓட்டையை அடைக்க முயல்கிறது. பாதுகாப்பு தொடர்பான மறுப்பு, இடைநிறுத்தம், ரத்து ஆகியவற்றை 5 வேலை நாட்களுக்குள் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். முடிவெடுக்கும் முன் ஒவ்வொரு மன்றமும் அதில் தேடிப் பார்க்க வேண்டும். வெளியூர் உரிமத்துடன் தன் எல்லையில் ஓடும் ஓட்டுநர் மீது சந்தேகம் வந்தால், உரிமம் கொடுத்த மன்றத்துக்கு 10 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அம்மன்றம் 20 வேலை நாட்களுக்குள் உரிமம் பற்றி யோசித்துப் பதில் தர வேண்டும்.

ஓட்டை முழுதும் அடைபடவில்லை. வுல்வர்ஹாம்ப்டனில் உரிமம் பெற்றவர் நெடுந்தொலைவில் உள்ள நகரங்களில் அன்றாடம் தொழில் செய்யலாம். அந்த நகர அதிகாரியால் அவரது உரிமத்தை ரத்து செய்ய முடியாது, கடிதம்தான் எழுத முடியும். வெளியூர் உரிமத்தில் ஓடும் வண்டிகளுக்கு முடிவு கட்டும்படி 2025 ஜூனில் லூயிஸ் கேசி குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல் பற்றிய தம் தேசிய ஆய்வில் பரிந்துரைத்தார்.