கோலியாத்துக்கு யார் கைதட்டுவார்?

கூடைப்பந்து வாலிப கிறிஸ்தவ சங்கத்தில், அதாவது ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்த விளையாட்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், இறையியல் படித்த ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பழக்கூடைகளை ஆணியடித்து மாட்டி இதைத் தொடங்கினார். மாணவர் ஒருவரையொருவர் முட்டி மோதிக் காயப்படாமல் ஆட வேண்டும் என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் இது சம்பளத்துக்கு ஆடும் தொழிலானது. பத்திரிகைகளுக்கு ஒரு நல்லவனும் ஒரு கெட்டவனும் தேவைப்பட்டார்கள்.

1959-ல் அந்த இருவரும் கிடைத்தார்கள். பாஸ்டன் அணியில் பில் ரஸ்ஸல், ஃபிலடெல்பியா அணியில் வில்ட் சேம்பர்லேன். இருவரும் கறுப்பினத்தவர். வில்ட் ஏழடி ஓரங்குல உயரம். 1962 மார்ச் 2-ல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அதை இன்றுவரை யாரும் எட்டவில்லை. ஆனால் 13 பருவங்களில் 11 முறை கோப்பையை வென்றது ரஸ்ஸலின் அணி. வில்ட்டுக்கு வாழ்நாளில் இரண்டே கோப்பைகள். ஆகவே ரஸ்ஸல் அணிக்காக உழைப்பவர், வில்ட் தனக்காக ஆடுகிறவர் என்று எழுதிவிட்டார்கள். வில்ட்டைப் "பொய்க்கால்" என்று பொருள்படும் பட்டப்பெயராலும் அழைத்தார்கள். அவருக்கு அது அறவே பிடிக்காது. கோலியாத்துக்காக யாரும் ஆரவாரம் செய்வதில்லை என்று அவர் சொல்வதுண்டு. ஞாயிறு பள்ளியில் தாவீதின் கதை கேட்டு வளர்ந்த நாமும் அந்தப் பக்கம் நின்று ஒருநாளும் யோசித்ததில்லை, அல்லவா? இந்தக் கோலியாத் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில், தவறுகள் மிகுந்து வெளியேற்றப்பட்டது ஒருமுறைகூட இல்லை.

வெற்றிவீரர் என்ற பெயரும் ரஸ்ஸலைக் காப்பாற்றவில்லை. அவர் வீட்டுக்குள் புகுந்து சுவர்களில் இனவெறி வார்த்தைகளை எழுதி, பரிசுக் கோப்பைகளை உடைத்துப்போட்டார்கள். அவர் ஆட்டத்துக்குக் கைதட்டிய ஊரில்தான் இது நடந்தது.

எதிரிகள் என்று உலகம் நினைத்த இருவரும் நண்பர்கள். நன்றி செலுத்தும் நாளில் ஃபிலடெல்பியாவில் ஆட்டம் இருந்தால், ரஸ்ஸல் வில்ட்டின் வீட்டுக்குப் போய் அவர் தாயார் சமைத்ததைச் சாப்பிடுவார். வில்ட்டின் கட்டிலிலேயே படுத்துத் தூங்குவார். சாயங்காலம் இருவரும் எதிரெதிரே நின்று மல்லுக்கு நிற்பார்கள். போட்டி இல்லாமலும் இல்லை: 1965-ல் வில்ட்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்றதும், ரஸ்ஸல் ஒரு லட்சத்து ஒரு டாலர் கேட்டு வாங்கினார்!

1969 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். வில்ட் அப்போது அந்த ஊர் அணியில் இருந்தார். வெற்றிக்கென்று கூரையில் பலூன்களை முன்கூட்டியே கட்டிவைத்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வில்ட் வெளியே வந்தார். சற்றுப் பொறுத்து, மீண்டும் ஆடுகிறேன் என்று கேட்டார், பயிற்சியாளர் விடவில்லை. 108–106 என்று பாஸ்டன் வென்றது. பலூன்கள் கூரையிலேயே தங்கிவிட்டன.

அது ரஸ்ஸலின் கடைசி ஆட்டம். பிறகு மாணவர்களிடையே பேசும்போது, வில்ட் அன்று வெளியேறியிருக்கக் கூடாது என்று அவர் குறைகூறினார். பேச்சு பத்திரிகைகளில் வந்தது. பத்து வருடமாக மற்றவர்கள் சொன்னதை, தன் வீட்டில் சாப்பிட்டவரே சொன்னதுதான் வில்ட்டை அறுத்தது என்று நினைக்கிறேன். மைதானத்தில் எவ்வளவோ முறை தோற்றும் முறியாத நட்பு அந்தப் பேச்சில் முறிந்தது. இருபது வருடத்துக்கும் மேலாக இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கடைசியில் ரஸ்ஸலே மன்னிப்புக் கேட்டார். வில்ட் ஏற்றுக்கொண்டார். நரைத்த பிறகு தொலைபேசியில் பேசிச் சிரிக்கும் பழைய சிநேகம் திரும்பியது. 1999 அக்டோபரில் வில்ட் தம் 63-ஆம் வயதில் மரித்தபோது, நினைவுக் கூட்டத்தில் எழுந்து பேசியவர்களில் ரஸ்ஸலும் ஒருவர்.